தளமா, ஏஜென்சியா, நேரடி வியாபாரியா? தமிழ்க் காப்பிரைட்டர் எந்த வாசலில் நிற்பது

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்காரர் இணையத்தில் விற்க ஆரம்பிக்கிறார். அவருக்கு ஒரு விற்பனைப் பக்கம், நாலைந்து ஃபேஸ்புக் விளம்பரம், வாட்ஸ்அப்பில் அனுப்ப மூன்று செய்தி, தீபாவளிக்கு ஒரு எஸ்எம்எஸ் வேண்டும். இந்த வேலை, விற்பனை வாசகம் எழுதித் தரும் ஒரு காப்பிரைட்டரிடம் மூன்று வாசல் வழியாக வந்து சேரலாம். ஃபைவர், அப்வொர்க் போன்ற தளத்தில் அவர் போட்ட அறிவிப்பு கண்ணில் படலாம். அவர் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியைப் பிடித்து, அந்த ஏஜென்சி எழுத்தை மட்டும் வெளியே கொடுக்கலாம். இல்லையென்றால் அவரே போன் செய்யலாம். எழுத வேண்டியது ஒன்றுதான். கைக்கு வரும் தொகை, அது வரும் நாள், திருத்தங்களின் எண்ணிக்கை, எழுதியதன் மேல் உள்ள உரிமை ஆகிய நான்கும் வாசலுக்கு வாசல் மாறும்.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் எதில் காசு அதிகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, கீழே கணக்கும் போட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நாம் எழுதியது விற்றதா என்று நமக்குத் தெரியவருமா என்பது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற எண் கையில் இருந்தால் அடுத்த வேலைக்கு விலையை ஏற்றிச் சொல்ல முடியும். அது இல்லாதவர் காட்ட நடையழகு மட்டுமே மிஞ்சும். அதைத்தான் சாட்ஜிபிடி சும்மா தருகிறது என்று கிளையண்ட் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எண்ணெய்க் கடை வேலையையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

"சுத்தமான, பாரம்பரியமான, ஆரோக்கியமான செக்கு எண்ணெய்" என்று எழுதினால் அந்த வரி ஊரிலுள்ள எல்லா செக்குக் கடைக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தும் வரி யாருக்கும் விற்றுத் தராது. வாங்குபவர் மனதில் இருக்கும் உண்மையான தயக்கம், பாக்கெட் எண்ணெயைவிட இது ஏன் இவ்வளவு விலை என்பது. அதற்குப் பதில் கடைக்காரரின் வாயில்தான் இருக்கிறது: ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு செக்கில் போகிறது. அதை விளம்பரத்தில் வைத்தால் வீட்டுக்காரம்மா தானே பருப்பு விலையைப் பெருக்கிப் பார்த்துக்கொள்வார். "விலை நியாயம்" என்று நாம் சொல்லத் தேவையே இல்லை.

இப்படிப்பட்ட விவரம் கூகுளில் தேடினால் கிடைக்காது. 40 நிமிடம் கடைக்காரரோடு பேச வேண்டும். வாங்கும் முன் போனில் என்ன கேட்கிறார்கள்? வாங்கிய பிறகு எதற்குத் திட்டுகிறார்கள்? இரண்டாம் முறை வாங்குபவர் முதலில் எந்தப் பாட்டிலை எடுத்தவர்? மாதத்தின் எந்த வாரம் ஆர்டர் குவிகிறது? "அடியில் வண்டல் நிக்குதே, கெட்டுப்போச்சா?" என்று பத்தில் நாலு பேர் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னால், அந்தக் கேள்வியையே பக்கத்தின் நடுவில் தலைப்பாக வைத்து, வடிகட்டாமல் படியவிட்டு எடுக்கும் எண்ணெயில் வண்டல் ஏன் வருகிறது என்று மூன்று வரியில் சொல்லிவிடலாம். திரும்பி வரும் பாட்டில்களும் குறையும்.

எஸ்எம்எஸ் இன்னொரு கதை. தமிழ் எஸ்எம்எஸ் யூனிகோடில் போவதால் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான் இடம், ஆங்கிலத்தில் 160. உயிர்மெய்யில் ஒட்டியிருக்கும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "தீபாவளி" கண்ணுக்கு 4 எழுத்து, கணக்கில் 7. 70ஐத் தாண்டினால் செய்தி 67, 67ஆக உடைந்து இரண்டு எஸ்எம்எஸ் காசு ஆகும். பத்தாயிரம் பேருக்கு அனுப்பும்போது அந்த ஒரு குறியீட்டின் விலை தெரியும். போதாததற்கு, வணிக எஸ்எம்எஸ் வாசகத்தை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிந்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வந்த பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி பதிவு. ஆக, இரண்டு வரி எஸ்எம்எஸ் என்று மலிவாக விலை சொல்பவர் அந்த வேலையைச் செய்து பார்க்காதவர்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று வாசலுக்கும் போவோம்.

தளங்கள்

ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்து பணம் உங்கள் கணக்கில் தெரிந்தாலும் எடுக்க 14 நாள் காத்திருக்க வேண்டும். உயர்மட்ட விற்பனையாளர்களுக்கு 7 நாள். அப்வொர்க் முன்பு நிலையாக 10 சதவீதம் பிடித்தது. 2025 மே முதல் வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை. அங்கே விண்ணப்பிக்கவே காசு: அதற்குக் 'கனெக்ட்' என்ற டோக்கன் வாங்க வேண்டும், ஒன்று 0.15 டாலர். ஒரு வேலைக்கு 10 கனெக்ட் கேட்டால் 1.50 டாலர், முதல் வேலை கிடைக்கும்முன் 20 இடத்தில் விண்ணப்பித்தால் 30 டாலர் கைக்காசு.

இதற்குப் பதிலாகக் கிடைப்பது பாதுகாப்பு. கிளையண்டின் பணம் முதலிலேயே தளத்தின் கையில் இருக்கிறது. "சார் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் போடறோம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. முகம் தெரியாத ஆளிடம் வேலை செய்ய இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். இந்தத் தளங்களில் தமிழ் என்று தேடினால் வருவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுதல், குரல் கொடுத்தல். தமிழில் விற்பனை எழுத்து கேட்பவர் அபூர்வம், ஏனென்றால் தமிழில் விற்பவர் தமிழரிடம் போன் போட்டே ஆளைப் பிடித்துவிடுகிறார். எனவே தளம் என்றால் பெரும்பாலும் ஆங்கில எழுத்து, உலகம் முழுக்கப் போட்டி. அங்கே "எல்லாம் எழுதுவேன்" என்ற சுயவிவரம் எடுபடாது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் துணிவகை, ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு), குறைந்தபட்ச ஆர்டர் அளவு பற்றியெல்லாம் தடுமாறாமல் ஆங்கிலத்தில் எழுதுவார். கோவையில் பம்ப், மோட்டார் தொழிலை அறிந்தவருக்கும் அப்படியே. குறுகிய துறையைச் சொல்லி நின்றால் கூட்டம் குறைவு, விலை அதிகம்.

இன்னொன்று: தளத்தில் கிடைத்த கிளையண்டை வெளியே கூட்டிப்போக முடியாது. அப்வொர்க்கில் இரண்டு வருடம் அந்த உறவில் நடக்கும் பணப் பரிமாற்றம் தளத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். வெளியே போக வேண்டுமானால் தனிக் கட்டணம். விதியை மீறினால் கணக்கே முடங்கும், சேர்த்து வைத்த மதிப்புரைகளும் அதோடு போகும். விற்பனை எண்? வேலை முடிந்ததும் ஒப்பந்தத்தை மூடிவிட்டுக் கிளையண்ட் போய்விடுவார். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் சிலர் சொல்வார்கள், பலர் படிக்கவே மாட்டார்கள்.

ஏஜென்சி

மூன்றில் மிகச் சீராக வேலை வரும் இடம் இது. வேட்டை அவர்களுடையது, உங்களுடையது எழுத்து மட்டும். சென்னை ஏஜென்சியானால் கொஞ்சம் சொந்த எழுத்தும் கிடைக்கும். மும்பை, பெங்களூரு ஏஜென்சியானால் முக்கால்வாசி "அடாப்டேஷன்": இந்தியிலோ ஆங்கிலத்திலோ முடிவான விளம்பரத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவது.

இதை மொழிபெயர்ப்பு என்று நினைத்து விலை சொல்பவர்கள் ஏமாறுகிறார்கள். "யூ டிசர்வ் இட்" என்ற மூலத்தை அப்படியே இறக்கி "நீங்கள் இதற்குத் தகுதியானவர்" என்று எழுதினால் அது கல்யாணத் தரகர் பேச்சாகிவிடும். வரியை உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். ஆனால் ஒப்புதல் தரும் பிராண்ட் மேலாளருக்குத் தமிழ் தெரியாது. எனவே நீங்கள் எழுதிய தமிழைத் திரும்ப ஆங்கிலத்தில் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அந்த மறு மொழிபெயர்ப்பு மூலத்தை ஒத்திருக்கவில்லை என்று கேள்வி வரும். பயந்துபோய் நீங்கள் தமிழை மூலத்தை நோக்கி வளைப்பீர்கள். தொலைக்காட்சியில் பல்லிளிக்கும் தமிழ் விளம்பரங்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: ஒவ்வொரு வரிக்கும் நேர்ப்பொருள் ஒரு பத்தி, ஏன் இப்படி மாற்றினோம் என்ற காரணம் ஒரு பத்தி என இரண்டாகக் கொடுங்கள். மறு மொழிபெயர்ப்புக்குத் தனிக் கட்டணம் போடுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

ஒளி, ஒலி விளம்பரங்களில் நீளத்தையும் முன்பே பேசிவிட வேண்டும். 30 விநாடிக்கு ஆங்கிலத்தில் 70, 75 சொல் அடங்கும். தமிழ்ச் சொல் நீளமானது. சுமார் 45, 50ஐத் தாண்டினால் குரல் கொடுப்பவர் மூச்சு வாங்குவார். எதை வெட்டலாம் என்று ப்ரீஃப் (வேலை விவரக் குறிப்பு) வாங்கும்போதே கேட்காவிட்டால், ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ ஒருவர் கண்ட இடத்தில் வெட்டுவார்.

பணம் வரும், ஆனால் மெதுவாக வரும். 45 நாள், 60 நாள், 90 நாள் என்று இழுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. இதற்கு ஒரு கருவி இருக்கிறது, ஃப்ரீலான்சர்கள் பலர் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், ஆதாரும் பானும் போதும், சேவைத் தொழிலுக்கும் உண்டு. பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும்: எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. அதைவிட வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம்: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டித் தராமல் வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வாங்கியவர் கணக்குக் காட்ட முடியாது. மார்ச் மாதம் ஏஜென்சியின் ஆடிட்டரே உங்கள் இன்வாய்ஸைத் தேடுவார். பதிவு எண் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்கவும் வேண்டும். தகராறு வந்த பிறகு பதிவது கைகொடுக்காது.

டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பிடித்தால் பதற வேண்டாம். தொழில்முறைச் சேவைக் கட்டணம் ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு ரூ. 50,000ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். அது உங்கள் வரிக்கணக்கில் வரவாக நிற்கும், ரிட்டர்ன் போட்டு மீதியைத் திரும்ப வாங்கலாம். ரிட்டர்ன் போடாதவருக்குத்தான் அது நஷ்டம்.

இனி எழுத்து யாருக்குச் சொந்தம். காப்பிரைட்டிங்கில் காப்பிரைட் யாருக்கு என்று கேட்டால் தமிழில் சொல்விளையாட்டு மாதிரி இருக்கிறது, விஷயம் என்னவோ காசுதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதியது முதலாளிக்கு. வெளியாள் எழுதியது, எழுதிக் கொடுத்து மாற்றும்வரை அவருக்கே. மாற்றும் ஆவணத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏஜென்சி ஒப்பந்தங்களில் எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு என்று இருக்கும். கையெழுத்துப் போடலாம், தவறில்லை. ஆனால் விளம்பரம் வெளியானபின் போர்ட்ஃபோலியோவில் (நம் வேலை மாதிரிகளின் தொகுப்பில்) காட்டலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள், அதோடு முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியையும். முதலாவது இல்லையென்றால் மூன்று வருடம் எழுதியும் காட்ட ஒன்றும் இருக்காது.

விற்பனை எண் மட்டும் இங்கே வரவே வராது. ரிசல்ட் என்ன ஆச்சு என்று கேட்டால் "கிளையண்ட் ஹாப்பி" என்பார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் ஏஜென்சி வேலை செய்வது நல்ல பயிற்சி. கெடுவுக்குள் எழுதப் பழகும் கை, சோப்பிலிருந்து சிமெண்ட் வரை பல துறை, பிறர் திருத்தத்தைத் தாங்கும் மனம் எல்லாம் அங்கே வரும். அதையே பத்து வருடம் செய்பவருக்கு விலை ஏறாமல் போவதற்குக் காரணம் திறமைக் குறைவில்லை. தன் எழுத்து என்ன செய்தது என்று அவருக்கே தெரியாததுதான்.

நேரடி வியாபாரி

இங்கே எல்லாமே கரடுமுரடு. கிளையண்டை நீங்களே தேட வேண்டும், காப்பிரைட்டிங் என்றால் என்ன என்று விளக்க வேண்டும், "நாலு வரி எழுத இவ்வளவா?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் விற்பனை எண் கிடைக்கும் என்று நம்பி இறங்கக்கூடிய ஒரே வாசல் இதுதான்.

தேடுவதற்கு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஓடும் விளம்பரங்களைக் காட்டும் மெட்டாவின் விளம்பர நூலகம் இலவசம், யாரும் திறந்து பார்க்கலாம். உங்கள் ஊரின் நகைக்கடை, பட்டு ஜவுளி, பள்ளி, மனை விற்பனை, உணவுப்பொருள் என்று பக்கங்களைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதமாக ஒரே விளம்பரத்தை ஓட்டுபவர் ஏற்கெனவே பணம் செலவழிக்கத் துணிந்தவர். அவரிடம் விளம்பரத்தின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் அவர் விளம்பரத்தில் ஒன்றை மட்டும் திருத்தி எழுதி, ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரியோடு அனுப்புங்கள். போர்ட்ஃபோலியோ இணைப்பை யாரும் திறப்பதில்லை, தன் கடைப் பெயர் உள்ள படத்தை எல்லோரும் திறப்பார்கள். இதைவிட எளிய வழி வெப்சைட் செய்து தருபவர்களைப் பழகி வைத்துக்கொள்வது. "கண்டெண்ட் வரல சார்" என்று மாதக்கணக்கில் நின்றுபோன வெப்சைட் ஒவ்வொருவரிடமும் இரண்டாவது இருக்கும்.

வேலை ஒப்புக்கொள்ளும்போது நான்கு விஷயம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்க வேண்டும்: என்னென்ன தருகிறோம், பாதித் தொகை அட்வான்ஸ், திருத்தம் இரண்டு முறை, ஒப்புதல் தருபவர் யார். கடைசியில் உள்ளதுதான் அதிகம் கவிழ்க்கும். முதலாளி சரி என்பார்; இரவு மச்சான் படித்துவிட்டு "இன்னும் கொஞ்சம் பவரா இருக்கலாம்" என்பார்; இன்ஜினியரிங் படிக்கும் மகன் ஆங்கிலத்தில் வேண்டும் என்பான். மூவரும் பேசி ஒரே ஆள் அனுப்பும் திருத்தம்தான் ஒரு முறை என்று முன்பே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. புதிய பொருள் சேர்ந்தாலோ விலையே மாறினாலோ அது திருத்தமல்ல, புது வேலை.

பெரிய ஆபத்து வேறு. நேரடி வியாபாரிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை, நீங்கள்தான் நிற்கிறீர்கள். "நம்ம எண்ணெய் சாப்பிட்டா சுகர் போயிடும்னு போடுங்க தம்பி" என்பார். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு, புற்றுநோய், உடற்பருமன் எல்லாம் உண்டு. இவற்றைக் குணமாக்கும் என்று மருந்தாகச் சொல்லும் விளம்பரத்தின் வெளியீட்டில் எந்த விதத்திலும் பங்கெடுக்கக் கூடாது என்கிறது அது. எழுதியவர் விலகி நிற்க முடியாது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை ரூ. 10 லட்சம் வரை, மறுமுறை ரூ. 50 லட்சம் வரை அபராதம். மனை விளம்பரமானால் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இல்லாமல் எழுதிக் கொடுக்காதீர்கள்; பதிவே ஆகாத மனைப்பிரிவு என்றால் வேலையையே விடுங்கள்.

"இன்றே கடைசி நாள்" என்ற வரிக்கும் இப்போது விதி உண்டு. 2023 நவம்பரில் வந்த இணைய ஏமாற்று உத்திகள் பற்றிய வழிகாட்டுதல் 13 உத்திகளைப் பட்டியலிடுகிறது. முதலாவதே பொய்யான அவசரம். உண்மையான கெடு இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். செக்குக் கடையில் அப்படி ஒன்று இயல்பாகவே இருக்கும்: வாரத்துக்கு எத்தனை லிட்டர் ஆட்டுகிறார்கள் என்று கேளுங்கள். "இந்த வார ஆட்டத்தில் 120 லிட்டர்தான்" என்பது உண்மையானால் அதைவிட நல்ல அவசரம் தேவையில்லை.

விற்பனை எண்ணைப் பெற ஏற்பாடு முதல் நாளிலேயே நடக்க வேண்டும். விளம்பரத்துக்கென்று தனி வாட்ஸ்அப் எண், அல்லது "செக்கு25" மாதிரி ஒரு தள்ளுபடிக் குறியீடு, எதுவும் முடியாவிட்டால் ஆர்டர் எடுப்பவர் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு நோட்டில் கோடு போடுவது. இரண்டு தலைப்புகளைச் சோதிப்பதானால் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று ஓட்டினால் சம்பள வாரம் எந்தத் தலைப்புக்கு விழுந்ததோ அதுவே ஜெயிக்கும். தலைப்புக்கு 300 பேர் பார்த்து ஒன்றுக்கு 9 ஆர்டர், மற்றதற்கு 6 என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை. அவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வரும்.

கணக்கு

கீழே உள்ளவை சந்தை விலைகள் அல்ல, வித்தியாசத்தைக் காட்ட எடுத்த எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தளத்தில் 100 டாலர் வேலை, 20 சதவீதம் போக 80. டாலர் ரூ. 85 என்று வைத்தால் ரூ. 6,800. எழுத 14 மணி நேரம், தேட 8 மணி நேரம். மணிக்குச் சுமார் ரூ. 310. அதே கிளையண்ட் திரும்பி வந்தால் தேடும் நேரம் இல்லை, ரூ. 485.

ஏஜென்சியில் ரூ. 7,500, 14 மணி நேரம், மணிக்கு ரூ. 535. இரண்டாவது முறையும் அதே 535. பத்தாவது முறையும் அதேதான்.

நேரடியாக ரூ. 18,000. பேச்சு, எழுத்து, திருத்தம், வசூல் சேர்த்து 22 மணி நேரம், தேட 10. மணிக்குச் சுமார் ரூ. 560. ஏஜென்சியைவிட 25 ரூபாய்தான் அதிகம், தலைவலியோ நாலு பங்கு. ஆனால் அவரே இரண்டாவது வேலை தரும்போது பொருளும் வாடிக்கையாளரும் உங்களுக்குத் தெரியும், 18 மணி நேரத்தில் முடியும், மணிக்கு ரூ. 1,000. நேரடி வழி லாபமா என்பதை முதல் வேலை தீர்மானிப்பதில்லை. திரும்பி வராத கிளையண்டாகவே பிடித்துக்கொண்டிருந்தால் ஏஜென்சியே மேல். கல்யாண மண்டபம் திறப்பு விழாவுக்கு ஒரே ஒரு நோட்டீஸ் கேட்பவரைவிட, மாதாமாதம் விற்க வேண்டிய கட்டாயம் உள்ள எண்ணெய்க் கடையும் பலகாரக் கடையும் நல்ல கிளையண்ட் என்பது இதனால்தான்.

எப்படி விலை சொல்வது

சொல் கணக்கில் தமிழுக்கு விலை பேசுவது தன் கையைத் தானே வெட்டிக்கொள்வது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது தமிழில் "வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் ஆங்கிலச் சொல் தமிழில் ஏறத்தாழ 700, 750 சொல்லாகச் சுருங்கும். ஏஜென்சி சொல் கணக்கில்தான் தருவோம் என்றால் மூலத்தின் சொல்லை எண்ணச் சொல்லுங்கள். தவிரவும், நல்ல விற்பனை எழுத்து சுருக்கமானது. சொல்லுக்குக் காசு என்பது அதற்கு எதிரான கூலி.

மணிக் கணக்கு தளத்தில் மட்டும் சரி. வேலைக் கணக்கு முதல் முறைக்கு ஏற்றது. மாதத் தொகை இரண்டு வேலை முடிந்தபின் பேச வேண்டியது. மாதத்துக்கு இத்தனை விளம்பரம், இத்தனை செய்தி, பயன்படுத்தாதது அடுத்த மாதத்துக்குச் சேராது என்று வரம்பு கட்டாயம்.

விற்பனையில் பங்கு என்று ஆசை காட்டுபவர்கள் வருவார்கள். பொருள் புதியது, விளம்பரத்துக்குப் பணம் இல்லை, ஆர்டர் பட்டியலைக் காட்டமாட்டார் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஒப்புக்கொள்வதானால் அடிப்படைத் தொகை ஒன்று தனியாக வேண்டும், பங்கை டெலிவரி ஆன ஆர்டரில் கணக்கிட வேண்டும். பொருள் வந்தபின் பணம் தரும் ஆர்டர்களில் திரும்பிப் போவது நிறைய. வந்த ஆர்டரில் பங்கு கேட்டால் கடைக்காரர் நஷ்டப்படுவார், உறவு முறியும்.

எந்த விலை முறையானாலும் ஜிஎஸ்டி பதிவுக்கு அவசரம் இல்லை. தமிழ்நாட்டில் சேவை வருமானம் ஆண்டுக்கு ரூ. 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் அது கட்டாயம், வேறு மாநில ஏஜென்சிக்கு எழுதினாலும் இதே வரம்புதான்.

யாருக்கு எது

வேலையில் இருந்துகொண்டு மாலை நேரத்தில் எழுதுபவருக்கு ஏஜென்சி. பகலில் கடைக்காரர் போனை எடுக்க முடியாதவர் நேரடி வேலைக்கு இறங்கினால் பெயர்தான் கெடும். ஆங்கிலம் கூர்மையாகவும் ஒரு தொழில்துறை அறிவும் உள்ளவர் தளத்தில் மூன்று மாதம் முயன்று பார்க்கலாம், கனெக்டுக்கு ஒரு தொகையை ஒதுக்கி அதற்கு மேல் போடாமல். தமிழில் எழுதுவதே பலம் என்பவர் ஏஜென்சியில் ஆறு மாதம் கை பழகிவிட்டு, அதோடு சேர்த்தே நேரடி கிளையண்ட் இரண்டு பேரைப் பிடிக்க வேண்டும். ஏஜென்சியை ஒரே நாளில் விட வேண்டியதில்லை. மூன்று கடைக்காரர்கள் இரண்டாவது வேலை கொடுத்த பிறகு, ஏஜென்சியின் அவசர வேலைகளை மறுக்க ஆரம்பியுங்கள். சாதாரண வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது வேலை தானாக வராது. பக்கம் வெளியாகி 30ஆம் நாள் ஒரு செய்தி போக வேண்டும்: "வணக்கம் அண்ணே. பக்கம் போட்டு ஒரு மாசம் ஆச்சு. எத்தனை ஆர்டர் வந்துச்சு, அதுல எத்தனை திரும்பிப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. தீபாவளிக்கு முன்னாடி எந்த வரியை மாத்தணும்னு பார்த்துச் சொல்றேன்." மதியம் மூன்று மணிவாக்கில், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் வேண்டாம், அப்போது அவர் பாட்டில் கட்டிக்கொண்டிருப்பார்.